ஒரு வெற்றி போதாது: ஷோகி பட்டப் போட்டி எப்படி நடக்கிறது?

2019 பிப்ரவரியில் அசாஹி கோப்பையின் இறுதியாட்டத்தில், 16 வயது ஃபுஜீ சோத்தா தன்னைவிட 18 வயது மூத்த வத்தனபே அகிராவைத் தோற்கடித்தார். ரசிகர்கள் நிறைந்த அரங்கில் நடந்த ஆட்டம் அது. கோப்பை பையனுக்குப் போனது. ஆனால் வத்தனபே அப்போது வைத்திருந்த ‘கிஓ’ பட்டம் அவரிடமேதான் இருந்தது, அதை யாரும் தொடக்கூட இல்லை. ஜப்பானியச் சதுரங்கமான ஷோகியில் ஒருவரை ஒரு நாள் வெல்வது வேறு, அவரிடமிருந்து பட்டத்தைப் பறிப்பது வேறு. பட்டத்தைப் பறிக்க வேண்டுமானால், அதே மனிதர் உங்களைப் பற்றி யோசித்துத் தயாராக அவகாசம் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்த பிறகும், அவரை மறுபடி மறுபடி வெல்ல வேண்டும்.

இதே இருவரும் 2020 கோடையில் ‘கிசெய்’ பட்டத்துக்காக மோதினார்கள். ஷோகி ஆடத் தெரியாதவர்களுக்கும் பட்டப் போட்டி என்றால் என்ன என்று சொல்லித்தர அதைவிடப் பொருத்தமான தொடர் எனக்குத் தெரிந்து இல்லை. அதனால் அந்தத் தொடரைக் கையில் வைத்துக்கொண்டே மற்ற விஷயங்களையும் பார்த்துவிடலாம்.

பலகையைப் பற்றிக் கொஞ்சம்

ஷோகிப் பலகையில் 9க்கு 9 என்று 81 கட்டங்கள். ஆளுக்கு 20 காய்கள்: ஒரு ராஜா, ஒரு யானை, ஒரு மந்திரி, தங்கம் இரண்டு, வெள்ளி இரண்டு, குதிரை இரண்டு, ஈட்டி இரண்டு, சிப்பாய் ஒன்பது. யானையும் மந்திரியும் நம் செஸ்ஸில் போவது போலவேதான் போகும். குதிரை முன்பக்கம் மட்டுமே தாவும். ஈட்டி நேராக முன்னே மட்டும் பாயும். சிப்பாய் ஒரு கட்டம் முன்னே போகும், வெட்டுவதும் நேராகத்தான். தங்கம், வெள்ளி இரண்டும் ஒரு கட்டம் மட்டுமே நகரக்கூடியவை. தங்கம் பின்பக்க மூலைகள் இரண்டைத் தவிர எல்லாப் பக்கமும் போகும். வெள்ளி நான்கு மூலைகளுக்கும் நேர் முன்னேயும் போகும், ஆனால் பக்கவாட்டிலோ நேர் பின்னாலோ போகாது. எதிராளியின் பக்கத்திலுள்ள கடைசி மூன்று வரிசைகளை எட்டியதும் ராஜாவும் தங்கமும் தவிர மற்றக் காய்கள் எல்லாம் பதவி உயர்வு பெறலாம். காயைத் திருப்பிப் போட்டால் அதன் புதிய பெயர் பின்பக்கத்தில் எழுதியிருக்கும்.

இதையெல்லாம் ஒரு மாலையில் கற்றுக்கொண்டுவிடலாம். ஷோகியை ஷோகியாக்குவது இன்னொரு விதி: வெட்டிய காய் உங்களுடையது.

செஸ்ஸில் வெட்டுப்பட்ட காய் பெட்டிக்குப் போய்விடும். ஷோகியில் அது உங்கள் கைக்கு வரும். உங்கள் முறை வரும்போது பலகையில் இருக்கும் காயை நகர்த்துவதற்குப் பதிலாக, கையில் இருக்கும் காயை ஏதாவது ஒரு காலிக் கட்டத்தில் இறக்கலாம். எதிரியின் ராஜாவுக்கு அருகிலேயே வைத்தாலும் சரி. இதற்காகத்தான் இரு தரப்புக் காய்களும் ஒரே நிறத்தில் இருக்கின்றன. கூர்முனை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதை வைத்துத்தான் எது யாருடையது என்று அறிவோம். சில தடைகள் உண்டு. ஒரே நேர்வரிசையில் பதவி உயராத உங்கள் சிப்பாய் ஏற்கெனவே இருந்தால் அங்கே இன்னொன்றை இறக்கக் கூடாது. இறக்கினால் அந்தக் கணமே தோல்வி, தொழில்முறை ஆட்டக்காரர்களே இப்படித் தோற்றிருக்கிறார்கள். கையிலிருக்கும் சிப்பாயை இறக்கி நேரடியாகச் செக்மேட் செய்யவும் கூடாது.

இந்த ஒரு விதியால் ஆட்டத்தின் இயல்பே மாறிவிடுகிறது. செஸ்ஸில் காய்கள் வெட்டுப்பட வெட்டுப்படப் பலகை காலியாகி ஆட்டம் தணியும். ஷோகியில் வெட்ட வெட்ட இருவர் கையிலும் ஆயுதம் சேர்ந்துகொண்டே போகும், எங்கிருந்து அடி விழும் என்று தெரியாது. ஆட்டம் முடிவை நெருங்க நெருங்கச் சூடு ஏறும். டிரா மிக அரிது. ஆகவே ஷோகி பார்க்கும்போது பலகையை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். பலகைக்குப் பக்கத்திலுள்ள சின்ன மேடையில் யாரிடம் என்னென்ன காய்கள் சேர்ந்திருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். கீழே ஒரு வெள்ளிக் காயைப் பற்றி நிறையப் பேசப் போகிறேன், அப்போது இது உதவும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். செஸ்ஸில் வெள்ளையும் கறுப்பும் ஒரு முறை ஆடினால் அதை ஒரு நகர்வு என்று எண்ணுவார்கள். ஷோகியில் ஒவ்வொருவர் ஆடுவதும் தனித்தனி நகர்வு. ‘110 நகர்வுகளில் முடிந்தது’ என்றால் ஆளுக்கு 55 என்று பொருள். மொத்த எண்ணிக்கை ஒற்றைப்படையில் முடிந்தால் பொதுவாக முதலில் ஆடியவர் வென்றிருப்பார், இரட்டைப்படையில் முடிந்தால் இரண்டாவதாக ஆடியவர்.

பட்டமும் அதற்குப் போகும் பாதையும்

தொழில்முறை ஷோகியில் எட்டுப் பெரும் பட்டங்கள் உள்ளன: ர்யூஓ, மேஜின், ஓஇ, எய்ஓ, ஓசா, கிஓ, ஓஷோ, கிசெய். பெரும்பாலானவற்றை நாளிதழ்கள் நடத்திவந்திருக்கின்றன, கிசெய் சங்கெய் நாளிதழுடையது. ஷோகிக்கும் பத்திரிகைகளுக்கும் அப்படியொரு நெடுநாள் உறவு. ஆட்டங்களின் நகர்வுகளை நாள்தோறும் அச்சிட்டு வாசகர்களைப் பிடித்துவைத்த காலம் ஒன்று இருந்தது.

எட்டுப் பட்டங்களுக்கும் அடிப்படை ஏற்பாடு ஒன்றுதான். பட்டம் வைத்திருப்பவர் தகுதிச் சுற்றுகளில் ஆடுவதில்லை, மேலே காத்திருப்பார். மற்றவர்கள் எல்லாரும் கீழே ஒருவரோடொருவர் மோதி, கடைசியில் மிஞ்சும் ஒரே ஒருவர் சேலஞ்சராக மேலே வருவார். குகேஷ் 2024இல் கேண்டிடேட்ஸ் போட்டியை வென்று டிங் லிரனை எதிர்கொள்ளப் போனதைப் பின்தொடர்ந்தவர்களுக்கு இது பழகிய ஏற்பாடுதான். வித்தியாசம் என்னவென்றால், ஷோகியில் இப்படி எட்டு ஏணிகள் ஒரே சமயத்தில் ஓடிக்கொண்டிருக்கும், ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் வரும். ஒருவர் ஒரு பலகையில் சாம்பியனாகவும் மறுவாரமே இன்னொரு பலகையில் சேலஞ்சராகவும் உட்காரலாம். 2020 கோடையில் வத்தனபே சரியாக அந்த நிலையில்தான் இருந்தார். கிசெய், ஓஷோ, கிஓ என்று மூன்று பட்டங்கள் கையில். அதே வாரங்களில் மேஜின் பட்டத்துக்காகத் தொயோஷிமா மசாயுகியிடம் சேலஞ்சராகவும் ஆடிக்கொண்டிருந்தார்.

எட்டில் நான்கு பட்டங்களுக்கு ஏழு ஆட்டத் தொடர், நான்கில் முதலில் வெல்பவருக்குப் பட்டம். அந்த ஆட்டங்கள் ஒவ்வொன்றும் இரண்டு நாள் நடக்கும். மேஜினில் ஆளுக்கு 9 மணி நேரம் உண்டு. கிசெய் உள்ளிட்ட மற்ற நான்கும் ஐந்து ஆட்டத் தொடர்கள், மூன்றில் முதலில் வெல்பவருக்குப் பட்டம், ஓர் ஆட்டம் ஒரே நாளில் முடியும். கிசெயில் ஆளுக்கு 4 மணி நேரம். அது தீர்ந்துவிட்டால் அதற்குப் பிறகு ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு நிமிடம்தான். குறிப்பெடுக்கும் இளைஞர் பக்கத்தில் உட்கார்ந்து விநாடிகளை உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். கடைசிப் பத்து விநாடிகளை ஒவ்வொன்றாக எண்ணும்போது பார்க்கிற நமக்கே நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

சம்பிரதாயங்களும் உண்டு. தத்தாமி பாய் விரித்த அறை, கனமான மரப் பலகை, கிமோனோ. சாம்பியன் மேலிடத்தில் உட்காருவார், சேலஞ்சர் அவருக்கு எதிரே. இரண்டு ராஜாக் காய்களும் ஒன்றுபோல இருந்தாலும், ஒன்றில் மட்டும் எழுத்தின் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். புள்ளி இல்லாத ராஜா தரத்தில் மூத்தவருக்கு. முதல் ஆட்டத்தில் யார் தொடங்குவது என்பதைத் தீர்மானிக்க, குறிப்பெடுப்பவர் ஐந்து சிப்பாய்களைக் குலுக்கிப் போடுவார். எத்தனை நிமிர்ந்து விழுகின்றன, எத்தனை கவிழ்ந்து விழுகின்றன என்பதை வைத்து முடிவு. அதன் பிறகு ஆட்டத்துக்கு ஆட்டம் மாறி மாறித் தொடங்குவார்கள்.

நான்கு நாள் மிச்சம் வைத்து

ஃபுஜீயின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2002 ஜூலை 19இல் பிறந்தவர், அய்ச்சி மாகாணத்தின் செத்தோ நகரத்துக்காரர். 2016 அக்டோபரில் 14 வயது 2 மாதத்தில் தொழில்முறை ஆட்டக்காரரானார். அதுவரை இருந்த இளவயதுச் சாதனை 1954இல் கத்தோ ஹிஃபுமி படைத்தது. அறிமுக ஆட்டத்தில் எதிரே உட்கார்ந்தவரும் அதே கத்தோ, அப்போது வயது 76. அந்த ஆட்டத்தில் தொடங்கி ஃபுஜீ 29 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றார், அதுவும் சாதனை. ஆனால் பட்டப் போட்டி மட்டும் வாய்க்காமல் ஆண்டுகள் போயின.

மிக இளம் வயதில் பட்டப் போட்டிக்கு வந்த சேலஞ்சர் என்ற பெருமை யாஷிகி நொபுயுகியிடம் இருந்தது. 1989 டிசம்பரில் 17 வயது 10 மாதம் 24 நாளில் அவர் இதே கிசெய் பட்டத்துக்காக நகஹாரா மகோத்தோவோடு மோதி 2-3 என்று தோற்றார். அப்போது கிசெய் ஆண்டுக்கு இரு முறை நடக்கும். அடுத்த சுற்றிலேயே திரும்பி வந்து, 1990இல் 18 வயது 6 மாதத்தில் நகஹாராவிடமிருந்து பட்டத்தைப் பறித்தார். முப்பது ஆண்டுகளாக யாரும் அதை முறியடிக்கவில்லை.

2020 வசந்தத்தில் கொரோனா நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு, தொலைதூரப் பயணம் தேவைப்பட்ட ஆட்டங்கள் நின்றுபோயின. கிசெய் அரையிறுதி வரை வந்திருந்த ஃபுஜீக்கு வயது ஏறிக்கொண்டே போனது. தடை நீங்கியதும் எல்லாம் நெருக்கியடித்து நடந்தது. ஜூன் 2இல் சாத்தோ அமஹிகோவை வென்றார். ஜூன் 4இல் அப்போது இரண்டு பட்டங்கள் வைத்திருந்த நகாசே தகுயாவை வென்று சேலஞ்சரானார். ஜூன் 8இல் தோக்கியோ ஷோகி மன்றத்தில் முதல் ஆட்டம். அன்று அவர் வயது 17 ஆண்டு 10 மாதம் 20 நாள். யாஷிகியின் சாதனையை நான்கே நாளில் முந்திவிட்டார்.

அவசரம் எப்படிப்பட்டதென்றால், வழக்கமாக நாட்டின் பல ஊர்களின் விடுதிகளுக்குப் போகும் தொடர், முதல் இரண்டு ஆட்டங்களைத் தோக்கியோ மன்றத்திலேயே முடித்துக்கொண்டது. ஃபுஜீ முதல் ஆட்டத்துக்குக் கோட்டு சூட்டோடு வந்தார். குரு சுகிமோத்தோ மசத்தகா பரிசளித்த கிமோனோவை அணிந்து உட்கார்ந்தது இரண்டாவது ஆட்டத்தில்தான்.

பதினாறு செக்குகளும் ஒரு வெள்ளியும்

முதல் ஆட்டத்தில் முதலில் ஆடியவர் ஃபுஜீ. முடிவுக் கட்டத்தில் வத்தனபேக்கு ஒரே வழிதான் மிச்சமிருந்தது: மூச்சு விடவிடாமல் செக் வைப்பது. நிறுத்தினால் ஃபுஜீ செக்மேட் செய்துவிடுவார். தொடர்ந்து 16 செக்குகள். ஒவ்வொரு செக்குக்கும் ராஜாவை எங்கே நகர்த்துவது, எந்தக் காயை இடையில் இறக்குவது என்பதில் ஓரிடத்தில் பிசகினாலும் ஜெயித்த ஆட்டம் கைவிட்டுப் போகும். ஃபுஜீ பிசகவில்லை. 157 நகர்வுகளில் ஆட்டம் அவருடையதானது.

இது அதிர்ஷ்டமில்லை. ஷோகியில் செக்மேட் புதிர்கள் ஒரு தனிக் கலை. அவற்றைத் தீர்ப்பதற்கென்றே நடக்கும் போட்டியில், தொழில்முறை ஆட்டக்காரர்களும் கலந்துகொள்வார்கள், ஃபுஜீ 12 வயதில் முதலிடம் பெற்றார். 2015 முதல் 2019 வரை ஐந்து ஆண்டும் அவர்தான் முதலிடம். ராஜாவைச் சுற்றி எது பிழைக்கும், எது சாகும் என்பதை அவ்வளவு சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகியவரைப் பதினாறு செக்குகளால் அசைக்க முடியாமல் போனதில் வியப்பில்லை.

ஜூன் 28இல் நடந்த இரண்டாவது ஆட்டம்தான் உலகறிந்தது. வத்தனபே முதலில் ஆடினார். ‘யகுரா’ என்ற பழமையான அரண் முறையில் ஆட்டம் தொடங்கியது. ஷோகி கற்கும் எல்லாருக்கும் ஆரம்பத்திலேயே சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு: தங்கம் ராஜாவுக்குக் காவல், வெள்ளி முன்னணிப் படை. தங்கம் பின்வாங்கத் தடுமாறும், எனவே வீட்டிலேயே இருக்கட்டும். வெள்ளி மூலைவாட்டில் பின்னே நழுவிக்கொள்ளும், அதனால் அது போருக்குப் போகட்டும்.

ஃபுஜீ 42வது நகர்வில் தங்கத்தைக் காவலிலிருந்து எடுத்துப் பலகையின் நடுப்பக்கம் தள்ளினார். பார்த்துக்கொண்டிருந்த வல்லுநர்கள் திகைத்தார்கள். காவற்காரரைப் போர்க்களத்துக்கு அனுப்பியாயிற்று.

அடுத்து 58வது நகர்வு. வத்தனபேயின் மந்திரி தூரத்திலிருந்து ஃபுஜீயின் பக்கத்தைக் குறிவைத்திருந்தது. ஃபுஜீ கையில் ஒரு வெள்ளி இருந்தது. கையில் வெள்ளி இருந்தால் எதிராளியின் அரணில் இறக்கி உடைக்கத்தான் எவருக்கும் கை போகும். ஃபுஜீ 23 நிமிடம் யோசித்தார். பிறகு அந்த வெள்ளியை எடுத்துத் தன் கடைசி வரிசையில், தன் பக்கமிருந்து பார்த்தால் இடமிருந்து மூன்றாவது நேர்வரிசையில் வைத்தார். அந்தக் கட்டத்தைக் கவனியுங்கள். ஆட்டம் தொடங்கும் முன், காய்களை அடுக்கும்போது ஒரு வெள்ளி நிற்கும் இடம் அது. எத்தனையோ பரிமாற்றங்களைக் கடந்து கையில் கிடைத்த அருமையான படைக்கருவியை ஆரம்ப இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டார். பார்வைக்கு அது வெறும் தற்காப்பு, பணிந்துபோவதைப் போன்ற ஒரு நகர்வு. அதன் பிறகு 32 நகர்வுகள்தான், 90வது நகர்வோடு வத்தனபே தோல்வியை ஒப்புக்கொண்டார். எந்த இடத்தில் தான் பின்தங்கினோம் என்பதே தெரியாமல், கவனித்தபோது தோற்கும் நிலையில் இருந்ததாக வத்தனபே தன் வலைப்பதிவில் எழுதினார். ஜப்பானின் மிகக் கூர்மையான ஆட்டக்காரர்களில் ஒருவர், எந்த மழுப்பலும் இல்லாமல் இப்படிச் சொன்னதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அதன் பிறகுதான் அந்தச் செய்தி பரவியது. அப்போதைய முன்னணி ஷோகி மென்பொருளான ‘சுய்ஷோ’விடம் அந்த நிலையைக் கொடுத்துப் பார்த்தபோது, 40 கோடி நிலைகளை ஆராய்ந்த கட்டத்தில் இந்த வெள்ளி முதல் ஐந்து பரிந்துரைகளில்கூட இல்லை. 60 கோடி நிலைகளை எட்டியதும் திடீரென்று முதலிடத்துக்கு வந்தது. ‘செயற்கை நுண்ணறிவை மிஞ்சிய நகர்வு’ என்று தலைப்புகள் வந்தன. எனக்கு அந்தத் தலைப்பில் உடன்பாடில்லை. மென்பொருளும் கடைசியில் அதே நகர்வைத்தான் சொன்னது, கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டது, அவ்வளவே. உண்மையில் வியக்க வேண்டியது வேறு. ஒரு மனிதரால் 60 கோடி நிலைகளை எண்ணவே முடியாது. 23 நிமிடத்தில் ஃபுஜீ செய்திருக்கக்கூடியது, பார்க்கத் தேவையில்லாத கோடிக்கணக்கான கிளைகளை முதலிலேயே ஒதுக்கிவிட்டு, எல்லாரும் ஒதுக்கிவிடும் ஒரு கிளையை மட்டும் ஒதுக்காமல் வைத்திருந்ததுதான். ‘வெள்ளி தாக்குவதற்கு’ என்ற பாடத்தை அவரும் படித்தவர்தான். இந்த நிலைக்கு அந்தப் பாடம் பொருந்தாது என்று பலகையைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

சாம்பியன் என்றால் யார்

இந்தத் தொடரைப் பற்றிப் பேசும் பெரும்பாலானவர்கள் வெள்ளியோடு நிறுத்திக்கொள்வார்கள். பட்டப் போட்டி ஏன் ஒரே ஆட்டமாக இல்லாமல் தொடராக நடக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டுமானால் ஜூலை 9இல் நடந்த மூன்றாவது ஆட்டத்தைப் பார்க்க வேண்டும்.

நிலைமையை யோசித்துப் பாருங்கள். 0-2. இன்னும் ஒன்று தோற்றால் பட்டம் போய்விடும். எதிரே முடிவுக் கட்டத்தில் பிழையே செய்யாத ஒரு பதினேழு வயதுக்காரர். வத்தனபே வெறும் ஆவேசத்தோடு வரவில்லை, ஒரு திட்டத்தோடு வந்தார். முதலில் ஆடுவது ஃபுஜீ என்பதால் எந்தத் தொடக்கத்தைத் தேர்ந்தெடுப்பார் என்பதைக் கணிக்க முடியும். அந்தத் தொடக்கத்தை வீட்டில் மென்பொருளோடு உட்கார்ந்து மிக ஆழம் வரை ஆராய்ந்து வைத்திருந்தார். ஆட்டம் வெகுதூரம் போகும் வரை அவர் கைகள் தயங்கவே இல்லை, ஏற்கெனவே நடந்து பார்த்த வழியில் போகிறவரைப் போல ஆடினார். ஃபுஜீயோ ஒவ்வொரு திருப்பத்திலும் புதிதாக யோசிக்க வேண்டியிருந்தது, யோசிக்க யோசிக்க அவருடைய 4 மணி நேரம் கரைந்தது. முடிவுக் கட்டத்தில் ஃபுஜீயை வெல்வது மிகக் கடினம், ஆகவே அந்தக் கட்டத்துக்கு அவர் வரும்போது அவரிடம் நேரம் இல்லாதபடி செய்துவிட வேண்டும். 142 நகர்வுகளில் வத்தனபே வென்றார்.

எனக்கு இந்தத் தொடரில் மிகவும் பிடித்த ஆட்டம் இதுதான். வத்தனபேயும் ஒரு காலத்தில் அதிசயச் சிறுவன். 15 வயதில், பள்ளி மாணவராகவே தொழில்முறைக்கு வந்தவர், 20 வயதில் ர்யூஓ பட்டம் வென்றவர். 2008 ர்யூஓ தொடரில் ஹபு யோஷிஹாருவிடம் 0-3 என்று பின்தங்கி, அடுத்த நான்கையும் தொடர்ந்து வென்று பட்டத்தைக் காத்தவர். விளிம்பில் நின்று ஆடுவது அவருக்குப் புதிதில்லை. ஒரு தோல்வியிலிருந்து அடுத்த ஆட்டத்துக்கு எதை எடுத்துக்கொள்வது என்று அறிந்தவரைத்தான் ஷோகியில் சாம்பியன் என்கிறோம். ஒரே ஆட்டத்தில் முடிவு செய்தால் இந்தத் திறமை வெளிப்பட வாய்ப்பே இல்லை.

ஆக, 2-1 என்ற நிலையில் சேலஞ்சருக்கு ஒரு புதுக் கேள்வி எழுகிறது. ‘உன்னை எப்படி வெல்வது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, இப்போது என்ன செய்வாய்?’ அதற்கு விடை தேட ஃபுஜீக்கு அதிக ஓய்வும் கிடைக்கவில்லை. அதே நாட்களில் ஓஇ பட்டத்துக்கும் அவர் சேலஞ்சர். ஜூலை 13, 14 இரண்டு நாளும் வடகோடியில் உள்ள சப்போரோவில் கிமுரா கசுகியோடு ஆடிவிட்டு, 16ஆம் தேதி காலையில் ஒசாகாவில் கன்சாய் ஷோகி மன்றத்தில் வத்தனபேயின் முன்னால் உட்கார்ந்தார்.

இந்த முறை முதலில் ஆடியவர் வத்தனபே. மீண்டும் யகுரா. இரண்டாவது ஆட்டத்தில் தோற்ற அதே வழியில் அவர் இறங்கினார். அந்த இடத்தில் தனக்கு வழி உண்டு என்று நம்பியவர் செய்யும் காரியம் அது, தப்பித்துக்கொள்ள நினைப்பவர் செய்வதில்லை. நடுக்கட்டத்தில் வத்தனபேயின் கைதான் ஓங்கியிருந்ததாகத் தோன்றியது. ஆனால் இறுதிக் கட்டத்தில் ஃபுஜீ ராஜாவுக்கு அருகே வேகம் பிடித்தபோது கணக்கு மாறியது. மாலை 7:11 மணிக்கு, 110வது நகர்வுக்குப் பிறகு, வத்தனபே தலைதாழ்த்தித் தோல்வியைச் சொன்னார். ஷோகியில் ராஜாவைக் கடைசி வரை துரத்திப் பிடிப்பதில்லை. இனி வழியில்லை என்று தோற்பவரே வாய்விட்டுச் சொல்லித் தலை வணங்குவார். அதை அவர் சொல்வதுதான் ஆட்டத்தின் முடிவு.

18 வயது நிறைய மூன்று நாள் இருக்கும்போது ஃபுஜீ கிசெய் ஆனார். யாஷிகியின் முப்பதாண்டுச் சாதனை முறிந்தது. அதுவரை ‘ஃபுஜீ ஏழாம் டான்’ என்று படிநிலையைச் சேர்த்து அழைக்கப்பட்டவரைப் பத்திரிகைகள் மறுநாள் முதல் ‘ஃபுஜீ கிசெய்’ என்று எழுதின.

தோல்வியை அறிவித்ததோடு இருவரும் எழுந்து போய்விடுவதில்லை. பட்டத்தை இழந்தவரும் பெற்றவரும் அதே பலகையில் காய்களைப் பழைய நிலைகளுக்குத் திருப்பி வைத்து, ‘இங்கே இப்படி ஆடியிருந்தால்?’, ‘அப்படியானால் நான் இதை இறக்கியிருப்பேன்’ என்று தாழ்ந்த குரலில் அலசுவார்கள். சில சமயம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும். ஷோகி பார்க்கத் தொடங்குகிறவர்கள் இதைத் தவறவிடாதீர்கள். ஒளிபரப்பில் திரையோரம் ஓடும் வெற்றி விழுக்காட்டைவிட, தோற்றவர் எந்த நகர்வுக்குத் திரும்பப் போகிறார் என்பது ஆட்டத்தின் முடிச்சு எங்கே விழுந்தது என்பதை நன்றாகக் காட்டும்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு மாதம் கழித்து 2020 ஆகஸ்டில் வத்தனபே மேஜின் ஆனார், கிசெயை இழந்த அதே கோடையில். ஃபுஜீயோ அதே ஆகஸ்டில் கிமுராவை 4-0 என்று வென்று ஓஇயையும் எடுத்துக்கொண்டார். 2021இல் வத்தனபே கிசெயைத் திரும்பப் பெற சேலஞ்சராக வந்து 0-3 என்று தோற்றார். 2022இல் ஓஷோ, 2023 வசந்தத்தில் கிஓ, 2023 ஜூன் 1இல் மேஜின் என்று அவருடைய பட்டங்கள் ஒவ்வொன்றாக ஃபுஜீயிடம் போயின. மேஜினோடு, 2004க்குப் பிறகு முதல்முறையாக வத்தனபேயிடம் ஒரு பட்டமும் இல்லாமல் போனது. அதே 2023 அக்டோபர் 11இல் கியோத்தோவில் நகாசேயை வென்று எட்டுப் பட்டங்களையும் ஒரே சமயத்தில் வைத்திருந்த முதல் ஆட்டக்காரரானார் ஃபுஜீ.

அதன் பிறகு மேலிடத்தில் காத்திருப்பது அவருடைய முறையாயிற்று. கீழிருந்து வருபவர்கள் எல்லாரும் ஃபுஜீயின் ஆட்டங்களை வீட்டில் உட்கார்ந்து ஆராயத் தொடங்கினார்கள். அவர்களில் முதலில் வென்றவர் அவரைவிட மூன்று மாதம் இளையவரான இத்தோ தகுமி. 2024இல் எய்ஓ பட்டத் தொடர் 2-2 என்று சமநிலைக்கு வந்து, ஜூன் 20இல் கோஃபு நகரத்தில் ஐந்தாவது ஆட்டம் வரை போனது. அதை இத்தோ வென்றார். இருவருக்கும் அப்போது வயது 21.